யார் கை முந்தியது

ஜனவரி 14
தோற்றேன். ஒரே சீட்டில். பாட்டு வாசிப்பவர் தொடங்கியதும் பாயில் கிடந்த சீட்டை முதலில் தட்டியது என் கைதான். நகம் பெயர்ந்திருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? பாட்டைக் கேட்டதும் அதற்குரிய சீட்டைத் தட்டும் இந்தக் கருட்டா ஆட்டத்தில் எங்களுக்கு நடுவர் கிடையாது. இருவர் கையும் பட்டால் நாங்களே பேசித் தீர்க்க வேண்டும். எதிரே ஆடிய இட்சுகோ பேசவே இல்லை, சிரித்தாள். சுற்றி இருந்தவர்கள்தான் பேசினார்கள். "அவங்க முசோ ஆச்சே! அவங்க கைதான் முந்தியிருக்கும். விட்டுடுங்க, ஹிசானோ-சான்."

முசோவாம். வெல்லவே முடியாதவளாம்! விட்டேன். பதினோரு வருஷம் காத்திருந்தேன், முதல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பும் போச்சு.

ஜனவரி 15
பட்டறையில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்குப் பாலிஷ் போடும்போதெல்லாம் அவள் சிரிப்புதான். ஏழு சட்டங்களில் கீறல்.

பிப்ரவரி 3
பேய் விரட்ட வறுத்த சோயா வீசும் நாள். யாரை நினைத்து வீசினேன் என்று எழுதவும் வேண்டுமா? "ஏய், சுவரு உன்னை என்ன பண்ணுச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

மே மாதம் மறுபடி அவளோடு ஆட்டம். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவள் முகம் சுருங்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மே 12
ஜெயிச்சுட்டேன்!

கடைசியில் ஆளுக்கொரு சீட்டுதான் மிச்சம். இரண்டு கைகளும் பாய்ந்தன. அவள் விரல் மேல்தான் என் விரல் விழுந்தது — எனக்குத் தெரியும். "என்னோடது" என்றேன். சிரித்தேன், அவளை மாதிரியே.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டம், "யம்மாடி! இனி ஹிசானோ-சான்தான் முசோ!" என்றது. வாயை மூடிக்கொண்டாள். முகம் சுருங்கியது. ஆசை தீரப் பார்த்தேன். குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

நல்லா வேணும் அவளுக்கு.

மே 13
ஜெயித்ததற்காகக் கூட ஆடுபவர்கள் முள்ளங்கி துருவிப் போட்ட சோபா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். பாதிதான் இறங்கியது.

ஜூன் 2
முதல் பிரிவில் முதல் ஆட்டம், தமாயோ என்பவளோடு. அவள் கைதான் முந்தியது, சந்தேகமே இல்லை. சீட்டை அவள் பக்கம் தள்ளப் போனேன். அவளே கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, நீங்க முசோ! உங்க கைதான் முந்தியிருக்கும்."

அந்த ஜனவரி ஆட்டத்தில் யார் கை முந்தியதென்று இட்சுகோவுக்குத் தெரிந்திருக்குமா? நான் அவளிடம் கேட்கவே இல்லையே.

சீட்டை எடுத்துக்கொண்டேன். சிரித்தேன் போலிருக்கிறது. தமாயோ விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்திருந்தது.