ஆறு மணிக்கு நிற்கும் தறி

என் தங்கமான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உன் தறியில் நான்தான் நிற்கிறேன். பள்ளிபாளையத்தில் நூல் அறுந்தாலும் சண்டை, கரண்டு போனாலும் சண்டை, எதுவும் மாறவில்லை. உன் மகள் யாழினி நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கூட்டல், பெருக்கலெல்லாம் டக்கு டக்குன்னு போடறாளுங்க. அதையே வாக்கியமா எழுதிக் குடுத்தா தப்பாயிருதுங்க. ஊட்டுல கொஞ்சம் உக்காந்து பாருங்க" என்றார். மாமாவிடம் வந்து சொன்னேன்.

"வரலீன்னா உடு சாமி. நாளைக்குத் தறியில நிக்கறவளுக்குக் கணக்கு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவளைத் தறியில் நிறுத்தக் கூடாது என்றுதானே நீ அந்தப் பாடு பட்டாய்? உன் புருஷன் அதற்குள் மறந்துவிட்டாரா, அக்கா?

விடைத்தாளைப் பார்த்தேன். 'ஒரு தறி மணிக்கு ஐந்து மீட்டர் துணி நெய்கிறது. மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை எத்தனை மீட்டர் நெய்யும்?' நம் பிள்ளைகளுக்குப் புரியட்டுமென்று டீச்சர் தறியை வைத்தே கேட்டிருக்கிறார். இவள் பதினைந்து என்று எழுதி வைத்திருக்கிறாள்.

"தறிக்காரி மகளுக்குத் தறிக் கணக்கே வரலியா கண்ணு? நாலு மணி நேரத்துக்கு இருபதில்ல வரோணும்?"

"எப்படிங்க சித்தி? அம்மா ஆறு மணிக்குத் தறிய நிறுத்திருவாங்கல்ல. ஏழு மணி வரைக்கும் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவாங்க."

மல்லசமுத்திரத்தில் இருந்த எனக்கு இது தெரியவே தெரியாதே! அடி என் ராசாத்தி என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். உன் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுப் பெருக்கியிருக்கிறாள். கணக்கு வராத பிள்ளையா இது?

மறுநாள் ஆறு மணிக்குத் தறியை நிறுத்தினேன். மாமா பதறி ஓடி வந்தார்.

"என்னாச்சு, கரண்டு போச்சா?"

"இல்லீங்க மாமா, கணக்கு நேரம்."

அவர் நூல் மூட்டையை நகர்த்தி எங்களுக்கு உட்கார இடம் விட்டார்.

"அம்மா நம்பரையெல்லாம் கையால மறைச்சுக்குவாங்க. மொதல்ல கதையச் சொல்லச் சொல்லுவாங்க" என்றாள் யாழினி. நானும் அந்தத் தறிக் கணக்கின் எண்களை மறைத்துக்கொண்டேன். என்ன நடக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்று மெல்லப் படித்தாள். "இந்தத் தறிய நிறுத்துனதாவே அவங்க சொல்லலீங்க சித்தி" என்று தானே சொல்லிவிட்டு இருபது என்று எழுதினாள்.

கேட்டுக்கொள் அக்கா. ஆர்டர் எவ்வளவு நெருக்கினாலும், யார் என்ன முணுமுணுத்தாலும், ஆறு மணிக்கு உன் தறி நிற்கும். உன் மகள் தறியில் நிற்க மாட்டாள். அந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடத்தில் இருபதே விடையாக இருக்கட்டும். நம் வீட்டில் பதினைந்துதான்.

உன் தறிக்கும் உன் மகளுக்கும் பொறுப்பான,
உன் தங்கச்சி