கணக்குக்குள் இரண்டு பொறை

2024 செப்டம்பர் 20, வெள்ளி

சுலோசனாவுக்குக் காலை எடை 80.4 கிலோ. ஆகஸ்ட் தொடக்கத்தில் 84. சமையலறை நாள்காட்டியில் இன்றைய கட்டத்தில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டேன். சுலோசனா பார்த்துவிட்டு, "ஏங்க, நான் இன்னா மூணாம் கிளாஸா?" என்றாள். ஆனால் நாள் முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

மூட்டு டாக்டர் சொன்ன எண் 74. அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வலது முழங்காலை மாற்றிவிடலாம். உப்பு வாரத் தொடங்குவதற்குள் முடிந்தால் அவள் உப்பள வரப்பில் நடப்பாள். அவள் அப்பா விட்டுப்போன உப்பளம் அது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த முப்பத்து நான்கு வருடமும் அந்த வரப்பில் நடந்து வேலை வாங்கியவள் அவள்தான். இப்போது இரண்டு வருடமாக ரோட்டோரம் ஆட்டோவில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்க்கிறாள்.

ஒரு நாளைக்கு 1200 கலோரி. ஆய்வகத் தராசு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். நான் அளக்கிறேன், எழுதுகிறேன். அவள் ஒரு நாளும் மீறுவதில்லை. இப்படி ஒரு மாணவி எனக்கு வாய்த்ததே இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

புரட்டாசி. மீன் இல்லை, முட்டை இல்லை. எனக்கு வசதிதான், கலோரி தானாகக் குறைகிறது. பருப்பையும் பாதியாக்கினோம். மிச்சமான இடத்தில் காலையும் மாலையும் டீயில் பொறை ரொட்டி தோய்த்துச் சாப்பிடுகிறாள். வேளைக்கு இரண்டு. "கணக்குக்குள்ள வருதுல்ல?" என்று கேட்டாள்.

கூட்டிப் பார்த்தேன். வருகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

77.9.

புரட்டாசி முடிந்துவிட்டது. எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கொளஞ்சியம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். வேண்டாம் என்றேன். மீன் குழம்பு என்றால் தேங்காய், எண்ணெய், கூடவே இரண்டு கரண்டி சோறு அதிகம். அவள் சுலோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, பொண்டாட்டிய காய வச்சி கருவாடு போடறீங்களா? உப்பு தடவறதுதான் பாக்கி."

"உப்புக்கா பஞ்சம் எங்க வூட்ல?" என்றாள் சுலோ. மூன்று பேரும் சிரித்தோம்.

சீப்பில் நிறைய முடி. வயசாயிடுச்சில்ல, என்கிறாள். இருக்கலாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஒரே ஒரு அதிரசம் எடுத்தாள். அதற்கு ஈடாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். என்ன ஒழுங்கு!

நவம்பர் 8, வெள்ளி

76. நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் புதுச்சேரிக்குக் கிளம்பினோம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6. டாக்டர் தாளை என் பக்கம் திருப்பினார். "இந்த ரத்தத்தை வச்சிக்கிட்டு ஆபரேஷன் பண்ண முடியாதுங்க. ஏத்திட்டு வாங்க. மூணு மாசமாவது ஆவும்." வெளியே வரும்போது சுலோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றுகிறதா என்றேன். பத்து நாளாகவே அப்படித்தானாம். ஏன் சொல்லல? "நீங்க ஸ்டார் போட்டுக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க."

கீழே உணவு ஆலோசகர் சிவசங்கரி. எங்களுக்கு மகள் வயதுதான் இருக்கும். என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். "கூட்டலெல்லாம் கரெக்டா இருக்குது சார். இதுல சாப்பாடு எங்க சார்?"

டீயும் பொறையும் மட்டும் ஒரு நாள் கலோரியில் மூன்றில் ஒரு பங்கு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பும் உடம்பில் ஒட்டாதாம். எனக்குத் தெரியாம போச்சே! அளந்து அளந்து போட்டனே — என்னத்த அளந்தேன்? முடி கொட்டுனப்பவாவது யோசிச்சிருக்க வேணாமா? அந்தத் தராசைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சிவசங்கரி சொன்னதைச் சுலோவுக்குப் புரிய வைக்க உதாரணம் தேடினேன். கடைசியில் மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. ஒரு பையன் ஐந்நூறுக்கு நானூறு எடுக்கிறான். ஆனால் கணக்கில் முப்பது. தேர்ச்சியா?

"இல்ல. ஒவ்வொண்ணுலயும் முப்பத்தஞ்சி வேணும்."

"அதுதான். 1200 என்பது மொத்தம். புரதம் ஒரு பாடம், இரும்பு ஒரு பாடம். நான் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

"அப்ப நான் ஃபெயிலுங்களா?"

"நீ எழுதினதெல்லாம் சரி, சுலோ. கேள்வித்தாள் தப்பு."

நவம்பர் 15, வெள்ளி

எண் அதே 1200. உள்ளே இருப்பவை மாறிவிட்டன. காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, ஒரு முட்டை. மதியம் சோறு ஒரு கரண்டிதான், கீரையும் பருப்பும் நிறைய, தேங்காய் இல்லாத புளிக்குழம்பில் மத்தி. மாலையில் சுண்டலில் எலுமிச்சை. டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை. டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி.

பொறைக்குத்தான் நான்கு நாள் பேச்சுவார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று முடிந்தது.

கொளஞ்சியம்மாள் மீனை நிறுத்துக்கொண்டே, "கருவாட்டுக்கு உசுரு வந்துடுச்சா?" என்றாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

புயல் போய் மூன்று நாள். உப்பளமும் வானமும் ஒரே நிறம். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. நம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பச்சமுத்து வந்து நின்றான். "இந்த வருஷம் உப்பு லேட்டுதாம்மா." சுலோ முகம் வாடிவிட்டது.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில், ரத்தம் ஏற நமக்கும் தவணை கிடைத்தது என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 19, ஞாயிறு

தண்ணீர் வடிந்து வரப்பு தெரிகிறது. பச்சமுத்து ஒரு பை நிறைய உமரிக்கீரை கொண்டுவந்தான். உப்பு மண்ணிலேயே முளைப்பது, கடித்தால் கரிக்கும். சிவசங்கரிக்குப் போன் செய்தேன். வாரத்துக்கு ஒரு தரம், வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனியாக உப்பே போடாமல் என்றார்.

சுலோ ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். "மேக்கால வரப்புதானே?"

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" பச்சமுத்து அசந்துபோனான். நானும்தான்.

ஜனவரி 28, செவ்வாய்

எடை 74.3. ஹீமோகுளோபின் 11.4. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டு, இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் அவளே ஒரு நட்சத்திரம் போட்டாள். கோணல். ஆறு முனை.

பிப்ரவரி 12, புதன்

முழங்கால் மாற்றியாயிற்று. கண் திறந்ததும் கேட்டது: "பொறை கொண்டாந்தீங்களா?"

ஏப்ரல் 23, புதன்

இன்று இந்த வருடத்தின் முதல் உப்பை வாரினார்கள். ஆட்டோ நின்றதும் சுலோ கைத்தடியோடு இறங்கினாள். நான் இரண்டடி பின்னாலேயே போனேன். பாதி வழியில் திரும்பினாள்.

"பரீட்சை ஹால்ல சுத்தற மாதிரி சுத்தாதீங்க. அங்கியே நில்லுங்க."

நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. வெள்ளைக்கு நடுவில் அவள் பச்சைப் புடவை மெல்ல நகர்ந்து, குவித்த உப்பருகே கொஞ்சம் நின்று பச்சமுத்துவை எதற்கோ திட்டி, மேற்கு வரப்பு வரை போனது. அங்கே தடியை மண்ணில் குத்தி நிறுத்தினாள். குனிந்தாள். நான் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு நின்றேன். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

திரும்பி வந்து முந்தானையிலிருந்த உமரிக்கீரையை என் துண்டில் கொட்டினாள்.

"நானே பறிச்சது. நோட்ல எழுதிக்கிங்க."

எழுதிவிட்டேன். எத்தனை கிராம் என்று அளக்கவில்லை.