அம்மாவின் காலில் போட்ட கோடு

ஆடி வெள்ளி, இரவு.

அம்மா வேலை பார்க்கும் பட்டாசு ஆலைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. சாயங்காலம் திரி காயப்போட்ட பொட்டலில் வெறுங்காலோடு நடந்தபோது அம்மாவை ஏதோ குத்தியிருக்கிறது.

"முள்ளுதாம்ளா. ஒங்கப்பாகிட்ட மூச்சு விடாத, வேலைக்கே போக விடமாட்டாரு. இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். பிறகுதான் கணுக்காலைப் பார்த்தேன். இரண்டு புள்ளிகள் இருந்தன.

விரியன் விஷத்தில் பாஸ்போலிபேஸ் என்ற நொதி இருப்பதாக உயிரியல் டீச்சர் சொன்னார். அது செல் சவ்வின் கொழுப்பை வெட்டும். வெட்டிய துண்டிலிருந்து பிறக்கும் சேதி பக்கத்துச் செல்களுக்குப் போகும். வலியும் வீக்கமும் அந்தச் சேதியால் வருபவை. நம் உடம்பிலும் அதே மாதிரி நொதி உண்டு, ஆனால் அது அளவோடு வெட்டும். விஷத்துக்கு அளவு தெரியாது.

வீக்கம் முடிந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். "எங்காலு என்ன ஒன் பரீட்சைப் பேப்பராளா?" என்று அம்மா சிரித்தாள்.

இப்போது போய்ப் பார்த்தேன். வீக்கம் கோட்டைத் தாண்டி முழங்காலுக்கு வந்துவிட்டது. தூங்கும் அம்மாவின் உதட்டோரம் ரத்தம் கசிகிறது.

சத்தியத்தை மீறினால் என்ன ஆகுமோ, பயமாக இருக்கிறது. மாரியாத்தா, தண்டனையை எனக்கே கொடு. அப்பாவை எழுப்பப் போகிறேன்.