ஞாயிறு ஐந்து மணி, அப்பா

ராஜலிங்கம்,

இந்தக் காலத்து ஆட்களுக்கு மூச்சுவிடவும் அட்டவணை வேண்டியிருக்கிறது. நேரத்தை மிச்சம் பிடிக்கிற வகுப்புக்குப் போய்வந்து நீ அலுமாரியில் ஒட்டிய தாளைப் பார்த்தேன். "ஞாயிறு ஐந்து மணி, அப்பாவோடு பேச்சு, பதினைந்து நிமிடம்." தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம், ஆள் கணக்கெடுக்கிற விடியற்காலைப் பெரட்டில் துரையின் கடிகாரத்துக்கு நின்றவன் நான். மகன் வீட்டிலும் நிற்க மாட்டேன்.

கம்பளைக்கு என் பழைய கூட்டாளி அழகமுத்துவைப் பார்க்கப் போகிறேன். அவன் மணி பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. சோறும் பருப்பும் அடுப்பில் இருக்கு. சாவி பக்கத்து வீட்டு மூக்காயியிடம்.

அப்பா

தாளைக் கிழிக்கவில்லை. என் பேரை மட்டும் வெட்டிவிட்டேன். அந்தப் பதினைந்து நிமிடம் நீ தூங்கு, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு.

எத்தனை மணிக்கு வருவேன் என்று எழுத மாட்டேன்.