கொழும்புக் கம்ப்யூட்டரில் உன் அம்மா

அன்புள்ள சந்திரன் மச்சானுக்கு,

உன் அம்மாவை நீதான் அழித்தாய்.

டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனவனுக்கு இப்படியா எழுதுவது என்று கேட்பார்கள். கேட்கட்டும். நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன தீபாவளிக்கு நீ கொழும்பிலிருந்து நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாய். யுத்தம் முடிந்த வருஷம், பஸ்ஸில் யாரும் உன்னை இறக்கிச் சோதிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டாய். இரவல் கேமராவில் உன் அம்மாவை, என் அத்தையை, படம் பிடித்தாய். கொழுந்துக் கூடையோடு ஒன்று, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒன்று, லயத்து வீட்டு வாசலில் நீ அவள் தோளில் கை போட்டு நிற்கிற ஒன்று.

மறுநாள் நான் வேலை செய்கிற பதுளை கொமினிகேஷன் கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்தாய்.

"இதுக்குள்ள போட்டா இன்டர்நெட்டுக்கு ஏறிரும் மச்சான். அங்கேருந்து கொழும்புல எனக்குத் தானா இறங்கும். நான் அங்க போடுறது இங்க வந்து விழும். ரெண்டு பக்கமும் எப்பவும் ஒன்னாவே இருக்கும்."

உனக்கு லேப்டாப் கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டரைத்தான் கொழும்புப் பக்கமாக்கியிருந்தாய். அதை அப்போது நீ சொல்லவில்லை.

சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை பஸ் ஏறி வருவாள். காலை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உன் கொழும்புப் படங்களைப் பார்ப்பாள். பிறகு தன் படத்தைக் காட்டச் சொல்வாள்.

"ஏன் மருமகனே, இந்தப் படம் கொழும்புக்கும் போயிருச்சுன்னியே. அங்க போயும் நான் வெளுக்கலையே!"

கடையில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவள்தான் அதிகம் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தால் உன் கொழும்புப் படங்கள் மட்டும் இருந்தன. தோட்டத்துப் படம் ஒன்றுகூட இல்லை. மெஷின் கோளாறு என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, அவளை பஸ் ஏற்றிய பிறகு உனக்குப் போன் எடுத்தேன்.

"பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பாத்துட்டாருடா. யாரு இந்த ஆளுங்கன்னு கேட்டாரு. ஏதோ தொண்டு நிறுவனத்துக்குப் புத்தகம் அடிக்க எடுத்ததுன்னு சொல்லிட்டேன். என் கம்ப்யூட்டர்ல இருக்கிறத மட்டும்னு நெனச்சுத்தான்டா அழிச்சேன். அங்கயும் போகும்னு யோசிக்கல."

ரெண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. உனக்கே அது மறந்துபோனது. அவ்வளவு அவசரம் உனக்கு.

"ஒரு மாசத்துக்குள்ள திருப்பி எடுக்கலாம். ஆனா இப்ப எடுத்திராத மச்சான், இங்கயும் திரும்ப வந்து விழும். நான் லேப்டாப் வாங்குனதும் பாத்துக்கலாம்."

நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? எனக்கும் விளங்கியதால்தானே. எந்த ஊர் என்று கேட்டால் நாம் பதுளை என்போம். டவுனா தோட்டமா என்று அடுத்த கேள்வி வரும். டவுன் என்று நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! 'தோட்டக்காட்டான்' என்ற வார்த்தையைப் பள்ளிக்கூட வாத்தியார் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவள் பறிக்கிற கொழுந்தை இந்த நாடே குடிக்கிறது. அவள் ஒரு படத்தில் நின்றால் மட்டும் அதற்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் தேவைப்படுகிறது.

நீ லேப்டாப் வாங்கவில்லை. காய்ச்சல் வந்தது.

உன் ஆபீஸிலிருந்து மலர்வளையம் வந்தது. லயத்துக்கு இல்லை, எங்கள் கடைக்கு. வீட்டு விலாசம் என்று நீ கொடுத்திருந்தது கடை விலாசத்தை. அதை நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். "கொழும்பு ஆளுங்களுக்கு எம்புட்டு மரியாதை பாரு" என்று அத்தை அழுதாள்.

கருமாதிக்கு வைக்க அவள் ஒரு படம் கேட்டாள். தனியாக நீ நிற்கிற படம் வேண்டாமாம். "நானும் அவனும் நிக்கிறத எடுத்துத் தா மருமகனே. மெஷின சரி பண்ணிட்டியா?"

நீ அழித்து ஒரு மாதம் முடியவிருந்தது. அழிந்த படங்களை இன்டர்நெட்டில் தேடி எடுத்து, திருப்பிப் போடச் சொல்லி அமுக்கினேன். கொழும்புக்கும் போகும் என்று தெரிந்துதான் அமுக்கினேன். போகட்டும் என்று கோபத்தோடு அமுக்கினேன். ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

படத்தை அச்சடிக்கும்போதே கடை போன் அடித்தது. நீ ஆபீஸில் கொடுத்திருந்த நம்பருக்கு எடுத்தவர் உன் பக்கத்து மேசைக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையாகத்தான் பேசினார். அந்த போனில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"தம்பி, சந்திரன்ர கொம்ப்யூட்டரை இப்ப நான்தான் பாவிக்கிறன். அந்தத் தோட்டத்து ஆக்களின்ர படமெல்லாம் திரும்பவும் வந்து கிடக்குது. தொண்டு நிறுவனத்தின்ர எண்டு அவர் முந்தியொருக்கா சொன்னவர். அழிக்கட்டோ?"

"அழிச்சிராதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும்.

"சரி, சரி. ஒரு படத்தில சந்திரன் அந்த மனிசியின்ர தோளில கை போட்டுக்கொண்டு நிக்கிறார். ஆர் அவ?"

சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்தை. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் கோளாறு எது என்பதும் விளங்கிவிட்டது. அவளே கையை நீட்டி போனை வாங்கினாள்.

"ஐயா, அந்தப் படத்துல நிக்கிறது நான்தாங்க. தோட்டத்து ஆளு. அந்த ஐயா படம் புடிக்க வந்தாங்க, நிக்க சொன்னாங்க, நின்னேன். நல்ல மனசுங்க அவங்களுக்கு, அதான் கை போட்டாங்க. அழிச்சிராதீங்க சாமி."

உன்னை 'ஐயா' என்றாள் மச்சான். பெற்ற பிள்ளையை.

"ஓம் அம்மா, அழிக்கேல்ல" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்திரன் காய்ச்சலில மோசம் போயிட்டார். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஆமாங்க. கேள்விப்பட்டேன்."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "புள்ள மானம் போயிரக் கூடாது மருமகனே. நீயும் வாயத் தெறக்காத" என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். படித்தவன், கூட்டங்களில் எழுந்து பேசுகிறவன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன். யாராவது வாசித்துக் காட்டினால் அத்தை என்னைத் திட்டுவாள். உன் ஆபீஸில் யாராவது வாசித்தால் நல்லது.

படங்களை அந்த ஃபோல்டருக்கு வெளியேயும் எடுத்து வைத்துவிட்டேன். இனி எவன் எங்கே அழித்தாலும் அத்தை அழிய மாட்டாள். 'எந்த இடம்' என்று கேட்பவனிடம் இனி லயத்து விலாசத்தைத்தான் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஆனால் உனக்காக அந்த ரெண்டு வார்த்தையை நான் சொல்ல முடியாது. அது உன் வாயிலிருந்து வர வேண்டும். அந்த ஆபீஸ் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரே ஒரு தடவை 'என் அம்மா' என்று சொல்லு.

சொல்லுடா மச்சான்.

உன் மாமன் மகன்,
கணேசன்