தவிட்டின் நிறம்

16 பிப்ரவரி 1982

கலப்பு விதை கைக்கு வந்துவிட்டது. வெள்ளை அரிசி தரும் ஐ.ஆர். 20 தாய், கறுப்புக் கவுனி தகப்பன். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகளை இடுக்கியால் பிடுங்கி, மறுநாள் காலை கவுனியின் பூந்தூளை உதறி, காகித உறை மாட்டி... எங்கள் நெல் ஆய்வுப் பண்ணையில் இந்தப் பொறுமைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, ஆமாம்.

ஒன்றை உரித்து வீட்டுக்காரர் ஆல்போன்சிடம் காட்டினேன். “வெள்ளையாத்தானே இருக்கு ஷந்தால்?” என்றார். அரிசியின் மேல்தோல் தாயின் உடம்பு. இந்த விதை முளைத்து, அந்தச் செடி காய்த்தால்தான் தகப்பன் நிறம் தெரியும் என்றேன். அப்படியானால் தாத்தா முகம் பேரனிடம்தானா என்று கிண்டல்.

கிண்டலுக்குப் பிறகு பேச்சு பிரான்சுக்குப் போயிற்று. துலூஸில் இருக்கும் இவர் அண்ணன் ஓகுஸ்தேன் அங்கே இவருக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார். கடைசியில் இப்படி முடிவு: அடுத்த அறுவடையில் கறுப்பு வந்து, பண்ணை எனக்கு மறுபடி நிலம் கொடுத்தால் காரைக்காலிலேயே இருப்போம். இல்லாவிட்டால் கப்பலோ விமானமோ. எனக்குப் போக மனமே இல்லை. பிரான்சுக்குப் போகத் தவம் கிடக்கும் ஊர் இது, வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும்.

21 டிசம்பர்

விதைத்த கலப்பு விதையில் கதிர் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பலகாரமெல்லாம் மாமியார் தலையில், நான் வரப்பில்.

2 பிப்ரவரி 1983

கறுப்பு! நகத்தால் உரிக்க உரிக்கக் கறுப்பு. இரண்டு செடி மட்டும் வெள்ளை. அவை தாய்ப்பூ தன் பூந்தூளிலேயே காய்த்த விதையில் வந்தவை, என் இடுக்கி தவறவிட்டது. போகட்டும். ஆல்போன்ஸ் உரித்த அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

4 பிப்ரவரி

நாளை புதுச்சேரியில் கூட்டம். எந்த ஆய்வுக்கு நிலம் என்று அங்கேதான் முடிவாகும். அதிகாரி கைலாசநாதன் சார், காட்டுவதற்கு ஒரு பிடி அரிசி கேட்டார். பண்ணைக் காவலர் மருதையனிடம் நெல்லைக் கொடுத்து, வீட்டில் உமியை மட்டும் நீக்கி, நேரே ஜீப்பில் சேர்த்துவிடச் சொன்னேன்.

7 பிப்ரவரி

புதுச்சேரியிலிருந்து திரும்பிய சார் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினார். “வெள்ளை வெளேர்னு இருக்கும்மா. அத்தனை பேர் முன்னால நான் என்னத்தைச் சொல்றது?” நிலம் உர ஆய்வுக்குப் போய்விட்டது.

என்ன நடந்தது? நான் பார்த்தது கறுப்புதானே? நேரே மருதையன் வீட்டுக்கு ஓடினேன். அவர் சம்சாரம் குஞ்சம்மா உட்கார வைத்து மோர் கொடுத்தது.

“மழையில நனைஞ்சு கறுத்த நெல்லுன்னு நெனச்சேங்க. பெரியவங்க பாக்கப்போறதாச்சே, நம்ம பண்ணைக்குக் கேவலமா இருக்கக் கூடாதுன்னு, வெளுக்கிற மட்டும் உரல்ல போட்டுத் தீட்டினேன்.”

அடி பாவி மனுஷி! நிறம் முழுக்க அந்தத் தோலில்தானே இருக்கிறது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தவிட்டைக் கேட்டேன். கோழிக்குப் போடப் பயந்து சட்டியில் மூடி வைத்திருந்தது. கருநீலமாக, மை மாதிரி. சட்டியோடு ஆபீசுக்கு வந்தேன்.

சார் விரலில் எடுத்துத் தேய்த்தார். விரல் கறுத்துவிட்டது. மீதி நெல்லில் ஒன்றை அவரே உரித்தார். பிறகு புதுச்சேரிக்கு டிரங்க் கால் போடச் சொன்னார்.

9 பிப்ரவரி

பம்புசெட்டு ஓரமாக ஒரு துண்டு நிலம். வாய்க்கால் தண்ணீர் ஏறாத மூலை. போதும், போதும்!

12 பிப்ரவரி 1984

அந்தத் துண்டு நிலம் அறுவடையாகிவிட்டது. செடிக்கொரு உறை, கூடம் முழுக்க உறை. போன வருடம் ஒரே கறுப்பாக இருந்த நெல், இப்போது செடிக்குச் செடி பிரிந்து நிற்கிறது: பதினாறில் ஏறக்குறைய ஒன்பது பங்கு கறுப்பு, மூன்று பழுப்பு, நான்கு வெள்ளை. நிறத்துக்கு இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று கணக்கு சொல்கிறது. சார் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆல்போன்ஸ் தரையில் உட்கார்ந்து உறைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். வரவில்லை என்று இவர் இன்னும் எழுதாததால், அண்ணன் ஓகுஸ்தேன் இந்த மாதமும் பதில் கேட்டிருக்கிறார்.

பழுப்பு உறை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இதைப் போட்டால் அடுத்து என்ன வரும் என்று கேட்டார். சில உறையின் விதை பழுப்பாகவே நிற்கும், சிலதில் வெள்ளை பிரியும், எது எப்படி என்று விதைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

“அப்ப அடுத்த வருஷமும் பாக்கணும்” என்றார் இவர். “அண்ணனுக்கு நானே எழுதிடறேன்.”