பனி பார்க்கப் போன சனவரி

1996 சனவரி 6, சனி

ஆக்லாந்தில் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்து சேர மாலை ஆறு மணி. ஐந்து வீடுகளில் இரவல் வாங்கிய சுவெற்றர்கள் மடிப்புக் குலையாமல் திரும்பி வந்திருக்கின்றன.

ருவாபெஹு மலையடியில், ஒஹாகுனேயில் நான்கு நாள். மலை ஊர் என்றால் வருடம் முழுக்கப் பனி கிடக்கும் என்று இவர் நம்பிவிட்டார். மோட்டலை மலிவாகப் பிடித்த பெருமை வேறு. போய் இறங்கினால் நியூசிலாந்துக் கோடை, ஆக்லாந்தைவிட வெயில். உச்சியில் மட்டும் திருநீறு பூசினாற்போல் கொஞ்சம் வெள்ளை. மகள் லக்ஷிகா, "டாட், இட்ஸ் சம்மர்" என்று சிரித்தாள். மோட்டல்காரி ஜோனும் சிரித்துவிட்டு ஒரு பை கரட் தந்தா. அந்த ஊர் விளைச்சல்.

எனக்கு ஏமாற்றமில்லை. காட்டுக்குள் நடந்தேன். ஆற்றில் கால் வைத்தேன் – எலும்பு வரை குளிர். யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் புவியியல் படிப்பித்தபோது எரிமலையைச் சோக்கால் கீறித்தான் காட்டினேன். இப்போது ஒன்றின் காலடியில் நின்று கரட் கடித்தேன்.

சனவரி 9, செவ்வாய்

இரவல் சுவெற்றரைத் திருப்பிக் கொடுக்கக் கிளென்ஃபீல்டில் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். "பனி எப்பிடி அக்கா?" என்றா ரதிதேவி. கரட் நல்லாயிருந்தது என்றேன்.

மே 10, வெள்ளி

இங்கே பதினொரு பள்ளிக்கூடங்கள் எனக்குப் படிப்பிக்கும் வேலை தர மறுத்துவிட்டன. ஒஹாகுனேயில் ஓர் இடம் காலி என்று ஜோன் எழுதிய பிறகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் விண்ணப்பித்தேன். புதன்கிழமை தனியே பஸ்ஸில் நேர்முகத்துக்குப் போய் நேற்று வந்தேன். காலையில் புல் உறைந்து காலடியில் நொறுங்கியது. விறகுப் புகை மணம். சனவரியில் பார்த்த ஊரா இது? இதுவும் பிடித்துவிட்டது – என்ன செய்ய.

மே 24, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. யூலையில் தொடங்க வேண்டும். யூன் 7க்குள் பதில். ஏழு வருடமாக முதியோர் இல்லத்தில் தட்டுக் கழுவுகிறேன்.

இவர் பஸ் ஓடிவிட்டு வந்து கடிதத்தை வாசித்து மடித்து வைத்தார். "பனிக்காலம் மூண்டு நாலு மாசம். மிச்ச மாசம் அங்க ஆர் வரப்போகினம்? நான் ஆரை ஏத்திக்கொண்டு பஸ் ஓடுறது, கரட்டையோ?"

நான் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவப் போனேன். என்ர விசயமெண்டா மட்டும் ஏன் எனக்கு வாய் வருகுதில்லை?

யூன் 2, ஞாயிறு

துவைக்க எடுத்த இவருடைய சட்டைப் பைக்குள் ஒரு கடித உறை. பின்பக்கம் கோழி கிண்டிய எழுத்தில், ஒஹாகுனேக்கு எந்த மாதம் யார் வருவார்கள் என்ற பட்டியல். சனவரியிலிருந்து மார்ச் வரை மலை நடைக்காரர், வான் தேவை. ஏப்ரலில் ஈஸ்டர், மீன் பிடிக்கிறவர்கள். யூலையிலிருந்து ஒக்ரோபர் வரை பனி. நவம்பரில் பள்ளிப் பிள்ளைகளின் முகாம். மே, யூன் மாதங்களுக்கு நேரே: "ஒருத்தரும் இல்லை. லீவு எடுக்கலாம்."

எனக்குச் சொல்லாமல் ஜோனுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்.

சாப்பிடும்போது, "டிசம்பர் விட்டுப்போச்சு" என்றேன்.

நிமிராமலே, "அது சனவரி மாதிரித்தான்" என்றார்.

யூன் 5, புதன்

ஓம் என்று எழுதிப் போட்டேன்.

யூன் 18, செவ்வாய்

மலை வெடித்துவிட்டது. நேற்றிலிருந்து டிவியில் சாம்பலும் புகையும்தான். ஊருக்கு ஆபத்தில்லையாம். பனிச்சறுக்கு இந்த வருடம் சந்தேகம்.

ரதிதேவி போனில், "ஒரு வெடிக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தது காணாதே அக்கா?" என்றா.

இவர் அந்த உறையை எடுத்து யூலையை வெட்டினார். பிறகு ஆகஸ்ட். செப்டம்பரில் பேனை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். எழும்பிப் போய் ஜோனுக்குப் போன் எடுத்தார்.

"புகை பாக்கச் சனம் அள்ளுப்பட்டு வருதாம். வான் ஓட ஆள் காணாதாம்."

வெட்டிய யூலைக்கு மேலே "புகை" என்று எழுதினார்.

1997 சனவரி 4, சனி

ஆக்லாந்துக்கு இரண்டு நாள் வந்திருக்கிறோம். திங்கட்கிழமை வான் நிறைய நடைக்காரர். நாளையே வெளிக்கிட வேண்டும்.

மத்தியானம் ரதிதேவி வீட்டில் சாப்பாடு. அவவின் அண்ணர் குமாரசாமி, யூலையில் பனி பார்க்க வரலாமா என்று இவரைக் கேட்டார்.

"யூலையில எல்லாரும் வருவினம். நீங்கள் சனவரியில வாங்கோ. காட்டுக்குள்ள நடக்கலாம், ஆத்தில கால் வைக்கலாம். உது தெரிஞ்சுதானே நான் முதல்முதல் சனவரியில புக் பண்ணினனான்."

லக்ஷிகா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைக் குழைத்தபடி ஓம் என்றேன்.

ரதிதேவி சுவெற்றர் கதையை எடுக்க வாய் திறந்தா. மேசைக்குக் கீழே அவவின் காலை மிதித்தேன்.